தலைக்கணக்கும் தொழிற்கணக்கும்

(ஊராட்சி உறுப்பினர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்)



ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட கிராமங்களிலிருந்து நீங்கள் அனைவரும் இங்கு வந்து கூடியுள்ளீர்கள். ஒரு சிற்றூரின் ஜனத்தொகையும் அதன் ஜீவனோபாயமும் காலப்போக்கில் எவ்வாறு மாறி வந்துள்ளன என்பது குறித்துச் சில வார்த்தைகள் கூறும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள்.

ஓர் ஊரைப் பற்றி வெளியூரார் முதலில் கேட்பது, "உங்கள் ஊரில் எத்தனை தலைக்கட்டு?" என்பதாகும். அதற்கு விடை தெரிந்துவிட்டால், திருவிழாவுக்கு வரி எவ்வளவு சேரும், பந்தியில் எத்தனை இலை போடவேண்டும் என்பவையெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் அத்தனை தலைக்கட்டும் எந்தத் தொழிலைக் கொண்டு அடுப்பு மூட்டுகின்றன என்பதை அறிய வேண்டுமாயின், இரண்டாவது கேள்வி ஒன்றையும் கேட்டாக வேண்டும். முதற் கேள்விக்குரிய விடையைத் தலைக்கணக்கு என்றும், இரண்டாவதற்குரிய விடையைத் தொழிற்கணக்கு என்றும் சொல்லிக்கொள்வோம். நம் பகுதியில் தலைக்கணக்கைச் சர்க்கார் 150 ஆண்டுகளாக எழுதி வருகிறது. தொழிற்கணக்கோ வரவரச் சுருங்கி வந்திருக்கிறது. அதனை ஊராரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

பண்டைய ஊர்க்கணக்கு

கணக்கு எழுதுவது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை யாவரும் அறிவர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மறுபடி பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். அது நிலமுடைய அந்தணர் சபையின் ஏற்பாடே. ஊரார் அனைவரும் அதில் இடம்பெறவில்லை. எனினும், பொதுச் சொத்துக்குக் கணக்கு உண்டு என்ற நெறி நம் மண்ணில் 1,100 ஆண்டுகளாக இருந்து வருகிறது.

அதற்குப் பின்னர் நமக்குக் கிடைக்கும் பெரிய கணக்கு 18ஆம் நூற்றாண்டினது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். தனக்குக் கிடைத்த நாட்டில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பிய கம்பெனியார், தாமஸ் பர்னார்டு என்னும் எஞ்சினீயரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை அளவை நடத்தினர். ஏறத்தாழ 2,000 கிராமங்கள் அதில் அடங்கின. ஊருக்கு எவ்வளவு நிலம், நன்செய் எவ்வளவு, ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, கோயில் எத்தனை, வீடு எத்தனை, அவ்வீடுகளில் வாழ்வோர் எத்தொழிலினர் என்பவையெல்லாம் எழுதப்பட்டன. இக்கணக்குகளின் அருமையைத் தற்காலத்தார்க்கு எடுத்துக் காட்டியவர் தரம்பால் என்னும் ஆராய்ச்சியாளர். இவற்றின் தமிழ் ஓலைச் சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

அக்கணக்கில் நாம் காண்பது என்ன? உழவர் மட்டும் வாழ்ந்த ஊர்களை அது காட்டவில்லை. கணக்கப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், நெசவாளர் எனப் பல தொழிலினர் ஊர்தோறும் பதிவாகியுள்ளனர். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. களத்தில் நெல் குவிந்ததும், அரசு வாரமும் குடிவாரமும் பிரிக்கப்படுமுன்னரே இவர்கள் பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. அதற்குச் சுதந்திரம் என்றும் மேரை என்றும் பெயர். விளைச்சல் பெருகினால் அவர் பங்கும் பெருகும்; வறண்டால் அனைவர்க்கும் குறையும். ஆகவே ஏரி நிரம்புகிறதா என்பதில் கொல்லருக்கும் குயவருக்கும் உழவருக்குள்ள அக்கறை இருந்தது.

இதைக் கேட்டுப் பழைய காலம் பொற்காலம் என்று எண்ணிவிட வேண்டா. அந்த நெல்லை விளைவித்தவர்களில் மிகப் பலர் பண்ணையாட்களாகவும் படியாட்களாகவும் இருந்தனர். 1891இல் செங்கற்பட்டு ஜில்லாவின் தற்காலிகக் கலெக்டர் டிரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் குடியிருந்த மனை கூட அவர்களுக்குச் சொந்தமாக இல்லை என்பதையும், மிராசுதாரை எதிர்த்தால் குடிசையை இழக்கும் நிலையில் இருந்ததையும் அவர் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையின்படி ஒதுக்கப்பட்ட நிலங்களையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். 1770ஆம் ஆண்டுகளின் கணக்கில் வீடுகளாக எண்ணப்பட்டிருந்த அவர்கள், தாம் இருக்கும் மனைமீது உரிமையற்றவர்கள் என்பதை வேறொரு கணக்குத்தான் வெளிப்படுத்தியது. எதைக் கேட்டு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே கணக்கின் பயன் அமைகிறது.

ஏரியும் பஞ்சமும்

அக்காலத்து ஊரின் ஜனத்தொகையை நிர்ணயித்தது ஏரி எனலாம். ஜீவநதி இல்லாத இப்பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். அந்த நீரை வரத்துக்கால் வழியே ஏரியில் தேக்கி, மதகின் வழியே ஆயக்கட்டுக்கு விட்டு, மிகுந்ததைக் கலங்கல் வழியே கீழேரிக்கு அனுப்பினர். சம்பாவும், அதன்பின் நவரையும், நீர் மிஞ்சினால் சொர்ணவாரியும் பயிராயின. எத்தனை போகம் விளைந்ததோ அத்தனைக் குடிகளை ஊர் தாங்கிற்று.

ஏரி உடைந்தாலும் படை வந்தாலும் ஊர் கலைந்துவிடும். 1780இல் ஹைதர் அலியின் படை இச்சீமையில் புகுந்தது. காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் அவ்வாண்டு செப்டம்பரில் கம்பெனிப் படை முறியடிக்கப்பட்டது. அப்போரினால் குடிகள் சிதறினர்; பராமரிப்பின்றி ஏரிகள் கெட்டன. கம்பெனியின் கலெக்டராக 1794 முதல் 1798 வரை இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்க்க முயன்றதற்கு இதுவே காரணம். ஏரியைச் சீர்செய்யாமல் குடிகளையும் தீர்வையையும் மீட்க இயலாது என்பது அவர்களுக்குப் புலனாயிற்று.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் அழைத்தனர். சென்னை ராஜதானியில் இலட்சக் கணக்கானோர் அதில் மாண்டனர். பஞ்ச நிவாரண வேலையாகவே பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. பஞ்சத்துக்கு முன்னரும் பின்னரும் சென்னைத் துறைமுகத்திலிருந்து பலர் கப்பலேறினர். 1860இல் நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பல் புறப்பட்டதும் இத்துறைமுகத்திலிருந்தே. பர்மா, மலேயா என வேறு திசைகளிலும் கூலிகள் சென்றனர். ஆதலின், ஊரைவிட்டுப் பிழைக்கப் போவதும் பிழைக்க வந்தோர் தங்குவதும் தொழிற்சாலைகளோடு தோன்றியவை அல்ல.

பத்தாண்டுக் கணக்கெடுப்பு

1871இல் சென்னை ராஜதானியில் முறையான ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. 1881 முதல் இந்தியா முழுவதிலும் பத்தாண்டுக்கு ஒரு முறை அது நடந்து வந்தது. இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் 1901இல் 1 கோடியே 92 இலட்சம் பேர் இருந்தனர். 1951இல் 3 கோடியே 1 இலட்சம். 2011இல் 7 கோடியே 21 இலட்சம். 110 ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு பங்காகப் பெருகியிருக்கிறோம். கொள்ளை நோய்களும் பஞ்சச் சாவும் ஒழிந்ததே இதற்கு முதற் காரணம். இப்போது குடும்பங்கள் சிறுத்துவிட்டன. பிறப்பினால் ஊர் பெருகும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்று நம் ஊர்கள் பெருகுவது வரவினால்.

சர்க்கார் எடுத்த தலைக்கணக்குக்குத் துணையாக, அறிஞர் சிலர் தொழிற்கணக்கும் எடுத்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராய்ந்தார். பாலாற்றைக் கடந்தால் காஞ்சிக்குத் தெற்கே உள்ள தூசியும் அவற்றுள் ஒன்று. 1930ஆம் ஆண்டுகளில் அக்கிராமங்கள் மறுபடி ஆராயப்பட்டன. 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எஸ். குகன் முதலானோர் தூசியை மறுபடி ஆராய்ந்து எழுதினர். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, சென்னை மாநிலக் கணக்கெடுப்பு அதிகாரியாயிருந்த பி.கே. நம்பியாரின் மேற்பார்வையில் பல கிராமங்களுக்குத் தனித்தனியே நூல்கள் வெளிவந்தன. இந்நூல்களில் வீட்டின் கூரை, உண்ணும் தானியம், கடன், கைத்தொழில் அனைத்தும் எழுதப்பட்டுள்ளன.

இங்கு ஒரு செய்தியை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உழைப்பாளரை ஒன்பது வகையாகப் பிரித்தனர். உழவர், விவசாயக் கூலிகள், வீட்டுக் கைத்தொழிலினர், ஆலைத் தொழிலாளர், கட்டட வேலையினர், வியாபாரிகள், போக்குவரத்தினர் என்று தனித்தனிப் பத்திகள் இருந்தன. 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் கிராமவாரியாக வெளியிடப்பட்ட சுருக்கத்தில் இருப்பவை நான்கே பத்திகள்: சாகுபடியாளர், விவசாயக் கூலிகள், வீட்டுக் கைத்தொழிலினர், மற்றவர்கள். ஆண்டில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மை உழைப்பாளர். குறைவாகச் செய்தவர் குறுங்கால உழைப்பாளர்.

நம் பகுதியில் நேர்ந்த மாறுதல் முழுவதும் அந்த நான்காவது பத்திக்குள் அடங்கிவிட்டது. ஆலையில் நிரந்தர வேலை பெற்றவரும், ஒப்பந்தக்காரரிடம் கூலி பெறுபவரும், வாயிற்காவலரும், ஆசிரியரும், தேநீர்க் கடைக்காரரும் "மற்றவர்கள்" என்ற ஒரே பெயரில் நிற்கின்றனர். கணக்குக்காக ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே 400 பேர் "மற்றவர்கள்" என்று பதிவாகியுள்ளனர். அவர்களில் 300 பேர் நிரந்தரத் தொழிலாளராக இருந்தால் அவ்வூர் ஒருவகை. 350 பேர் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்போராயின் அது முற்றிலும் வேறுவகை. தலைக்கணக்கில் இரண்டும் ஒன்றே.

தொழிற்சாலை வந்த பின்

தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. நம் பகுதியில் பெருந்தொழில் வேரூன்றியது 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் ஆலை 1998இல் உற்பத்தி தொடங்கிற்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை இயங்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸ்ஸான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. 2017இல் வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. துறைமுகமும் விமான நிலையமும் அருகில் இருந்தமையும், பெங்களூர் நெடுஞ்சாலை ஊடே சென்றமையும், சர்க்கார் நிலம் எடுத்துக் கொடுத்தமையும் இதற்குக் காரணங்கள்.

இதனால் ஜனத்தொகை எவ்வாறு பெருகியது? ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியில் 2001இல் ஏறத்தாழ 16,000 பேர் இருந்தனர். 2011இல் அத்தொகை 25,000ஐ நெருங்கிற்று. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஜனத்தொகை அதே பத்தாண்டில் 28.77 இலட்சத்திலிருந்து 39.98 இலட்சமாயிற்று. இது ஏறத்தாழ 39 சதவீத உயர்வு. மாநிலம் முழுவதற்கும் உயர்வு 15.6 சதவீதமே. சென்னைப் புறநகர்கள் அம்மாவட்டத்தில் அப்போது சேர்ந்திருந்தமையும் இதற்கு ஒரு காரணம் என்பதைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதே பத்தாண்டில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர் தொகை ஏறத்தாழ 51 இலட்சத்திலிருந்து 42 இலட்சமாகக் குறைந்தது. விவசாயக் கூலிகளின் தொகையோ 86 இலட்சத்திலிருந்து 96 இலட்சமாக உயர்ந்தது. நிலத்தை விட்டவர் எல்லோரும் ஆலைக்குச் சென்றுவிடவில்லை என்பதை இது காட்டுகிறது.

தொழிற்சாலையால் நம் கிராமங்கள் பெற்ற நன்மையை மறுத்தல் நன்றன்று. நாள் தவறாமல் கூலி, வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, மின்விளக்கு, சாலை, பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்பும் ஊக்கம் ஆகியவை வந்தன. இவற்றினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. ஸ்லேட்டர் ஆராய்ந்த ஊர்களுள் மற்றொன்றாகிய தென்னார்க்காட்டு இருவேல்பட்டை 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மறுபடி ஆராய்ந்தனர். விவசாயத்துக்குப் புறத்தே வேலை கிடைத்தமையால், கூலி மக்கள் நிலவுடைமையாளரை அண்டியே பிழைக்க வேண்டிய நிலை பெரிதும் தளர்ந்திருப்பதை அவர்கள் கண்டனர். அவ்வூரில் கண்டது நம் ஊர்களுக்கும் பொருந்தும். 1891இல் குடிசை மனைக்கும் உரிமையற்றிருந்தவரின் வழிவந்த பெண் ஒருத்தி இன்று சீருடை அணிந்து ஆலைப் பேருந்தில் ஏறுகிறாள் எனின், அது சிறிய மாறுதல் அன்று.

ஆனால் நன்மையும் நட்டமும் எல்லோர்க்கும் ஒரே அளவில் வரவில்லை. நிலம் கையகப்படுத்தப்பட்டபோது பட்டாதாரர் இழப்பீடு பெற்றார். அந்நிலத்தைக் குத்தகைக்கு உழுதவரின் பெயர் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. நடவுக்கும் களைக்கும் சென்ற பெண்களுக்கு வேலை போயிற்று. நாற்பது வயதைக் கடந்த அவர்களை ஆலைகள் சேர்த்துக்கொள்வதில்லை. மேய்ச்சற்கால் போனதும் ஆடு வளர்த்தவர் ஆட்டை விற்றார். சாலையோரம் மனை வைத்திருந்தவரோ வரிசையாக அறைகள் கட்டி வாடகை வாங்குகிறார். ஒரே தெருவில் நால்வர் நான்கு நிலையில் இருக்கின்றனர். ஊர் வளர்ந்ததா என்று கேட்டால் நால்வரும் நான்கு விடை சொல்வர்.

வந்தோரும் வாழ்வோரும்

இனி, வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்களும் இங்கு வந்து தங்கியுள்ளனர். அவர்களுடைய குடும்ப அட்டை சொந்த ஊரில், வாக்குரிமையும் அங்கேயே. ஆனால் தண்ணீர் வேண்டுவது இங்கே. குப்பை சேர்வது இங்கே. காய்ச்சல் வந்தால் செல்ல வேண்டியது இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. ஊராட்சிகளுக்குரிய மானியத்தின் பெரும்பகுதி கணக்கெடுப்பின் ஜனத்தொகையை ஒட்டியே பங்கிடப்படுகிறது. 2011க்குப் பின் வந்தோர் அத்தொகையில் இல்லை.

2021 டிசம்பரில் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு கெட்டுப் பலர் நோயுற்றனர். அவர்களுடைய தோழியர் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். தம் ஊரருகே இத்தனை ஆயிரம் பெண்கள் இருப்பதை அன்றுதான் பலர் அறிந்தனர். அதன்பின் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியைச் சிப்காட் கட்டித் திறந்தது. ஒரு பேரூரின் ஜனத்தொகையையே ஒத்த எண்ணிக்கை அது. அங்கு தங்குவோரை அருகிலுள்ள ஊராட்சிகள் தம்மவராகக் கருத வேண்டுவது முறை.

ஆலை வேலையும் ஏரி நீரைப் போன்றதே. ஒரு பருவம் நிரம்பும், மறு பருவம் வற்றும். 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது. வரி வழக்கினால் ஆலையைப் புதிய உடைமையாளருக்கு மாற்ற இயலாமற் போனதும், விற்பனைச் சரிவும் அதற்குக் காரணங்கள். ஆயிரக் கணக்கானோர், பெரும்பாலும் இளம் வயதினர், வேலையிழந்தனர். அவர்களை நம்பிய அறை வாடகை, சிற்றுண்டிச் சாலை, வாடகை வண்டி அனைத்தும் உடன் சரிந்தன. 2020இல் வேறொரு நிறுவனம் அவ்வாலையை ஏற்று நடத்தத் தொடங்கிற்று. ஆயினும் இடையிட்ட ஐந்தாண்டுகளில் அந்த இளைஞர் எங்கே போயினர், என்ன தொழில் செய்தனர் என்பதை நம் ஊர்களில் எந்த ஏடும் சொல்லவில்லை. 1770ஆம் ஆண்டுகளில் ஓர் ஊரில் குயவர் வீடு எத்தனை என்று ஓலையைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. 2014இல் வேலையிழந்தவர் நம் ஊரில் எத்தனை பேர் என்று சொல்ல முடியவில்லை.

ஏரியின் நிலை

ஜீவனம் மாறியதால் ஏரி என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். ஆயக்கட்டு மனைகளானபின் மதகைத் திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கு வேலையில்லை. அவர் களத்து நெல்லும் நின்றது. வரத்துக்காலைத் தூர்வாரக் குடிமராமத்துக்கு வருவோர் இல்லை. தூர்ந்த கால்வாய்மீது சாலையும் சுவரும் எழுந்தன. ஏரி தேவையில்லை என்று நாம் எண்ணினாலும், மழை தன் வழியை மறப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குச் செல்வது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து உபரி அடையாற்றைச் சேர்வது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி, 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து, விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. மேலேரிகளிலிருந்து பெருகி வந்த நீரும் சேர்ந்து சென்னை மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, உழுபவர் குறைந்தாலும் ஏரியைக் காப்பவர் குறையலாகாது. முன்பு அது விளைச்சலுக்காக. இன்று குடிநீருக்காகவும் வெள்ளத் தடுப்புக்காகவும்.

நாம் செய்யக்கூடியது

2021இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடைபெறும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வெளியாயிற்று. அதில் அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருப்போர் ஒருவர் விடாமல் பதிவாகும்படி உதவுவது உங்கள் முதற் கடமை. ஆனால் அது தலைக்கணக்கு. தொழிற்கணக்கை ஊராட்சியே எழுத வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், பிளஸ் 2 படித்த நான்கு பெண்களும், இரண்டு வாரமும் போதும்.

வீட்டுக்கு வீடு கேட்க வேண்டியவை சிலவே. இவ்வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கின்றனர்? ஆண்டில் எத்தனை மாதம்? அவ்வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா, பயிற்சியா, நாட்கூலியா? உழும் நிலம் சொந்தமா, குத்தகையா? கடந்த ஆண்டில் இவ்வீட்டை விட்டுப் பிழைக்கப் போனவர் யார், வந்து சேர்ந்தவர் யார்? இப்போது செய்யாவிடினும் இவ்வீட்டாருக்குத் தெரிந்த கைத்தொழில் என்ன? இவற்றோடு ஏரிக்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், இவ்வாண்டு பயிரானது எத்தனை, வரத்துக்கால் எங்கே அடைபட்டுள்ளது என்று எழுதுங்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதில் நிலவுடைமையாளரை மட்டும் சேர்க்கவில்லை. மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பி வாழ்ந்த குத்தகையாளர், விவசாயக் கூலிகள், கைவினைஞர் ஆகியோரையும் சேர்க்கிறது. ஆனால் நம்பி வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியவர் அவரே. குத்தகையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு; அதன்படி பதிந்துகொள்ளாதவர் பலர். ஊர்க்கணக்கு சட்டப் பதிவுக்கு ஈடாகாது. ஆயினும் ஆண்டுதோறும் எழுதிக் கிராம சபையில் வைக்கப்பட்ட ஏட்டில் ஒருவர் பெயர் இருப்பது வாய்ச்சொல்லினும் வலியது. பதிந்துகொள்ளாதவர் யார் என்பதையும் அது காட்டிவிடும். ஓர் ஆலை மூடப்பட்டால் எத்தனை வீடு பாதிக்கப்படும், எந்தப் பயிற்சி தேவை என்பதையும் அன்றே சொல்லலாம்.

எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. தனி வீட்டின் வருமானமோ கடனோ பலரறியப் படிக்கப்படலாகாது. கிராம சபையில் படிக்க வேண்டியது கூட்டுத்தொகையை மட்டுமே. வடநாட்டுத் தொழிலாளரின் அறையில் கேள்வி கேட்கச் செல்வோர், காவல் விசாரணைக்குச் செல்வதுபோல் செல்லாமல், அயல்வீட்டாரைப் பார்க்கச் செல்வதுபோல் செல்ல வேண்டும். ஏட்டில் அவர்கள் பெயர் ஏறுவது அவர்களுக்குத் தண்ணீரும் மருந்தும் கிடைப்பதற்காக என்பதை முதலில் சொல்லுங்கள்.

கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் நாள். அன்று ஏரியின் பக்கத்தைப் படியுங்கள். மே 1 உழைப்பாளர் நாள். அன்று தொழிற்கணக்கைப் படியுங்கள். முதலாண்டில் பிழைகள் இருக்கும், ஊரார் திருத்துவர். மூன்றாம் ஆண்டில், உங்கள் ஊர் எத்திசையில் செல்கிறது என்று ஏடு சொல்லத் தொடங்கும். கம்பெனிக்காரர் வரி வாங்குவதற்காக எடுத்த கணக்கே 250 ஆண்டுகளுக்குப் பின் நமக்குப் பயன்படுகிறது. நம் நலனுக்காக நாமே எடுக்கும் கணக்கு நம் பிள்ளைகளுக்கு அதனினும் பயன்படும் என்பதில் ஐயமில்லை.

இங்கு வந்துள்ள ஒவ்வோர் ஊராட்சியினரும் திரும்பிச் சென்றதும் ஒரு தெருவில் மட்டுமேனும் இதைத் தொடங்குவீர்களாக. அடுத்த முறை நாம் கூடும்போது அந்த நோட்டுப் புத்தகங்களைக் கையில் கொண்டு வாருங்கள். அவற்றை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுவோம்.